பீல் புதையலின் எண்களைக் கணினி ஏன் இன்னும் உடைக்கவில்லை?

கேள்வி இது: "அமெரிக்காவில் பீல் புதையல் இருக்கும் இடத்தைச் சொல்லும் சங்கேதத் தாள் 140 ஆண்டுகளாக யாருக்கும் புரியவில்லையாம். இவ்வளவு வேகமான கணினிகளும் ஏஐயும் வந்த பிறகும் வெறும் 520 எண்களை உடைக்க முடியாதா? இதைக் கல்லூரி ப்ராஜெக்டாக எடுத்துச் செய்யலாமா?"

தாராளமாகச் செய்யலாம். ஆனால் கணினி ஏதோ தோற்றுப்போய் நிற்பதாக உங்கள் கேள்வியில் ஒரு தொனி இருக்கிறது. என் பார்வையில் கணினி தன் வேலையைப் பெரும்பாலும் முடித்துவிட்டது. அது தந்த பதில் புதையல் தேடுபவர்களுக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் கதை. 1885-ல் வர்ஜீனியா மாநிலத்தின் லிஞ்ச்பர்க் நகரில் ஜேம்ஸ் பி. வார்ட் என்பவர் ஒரு சிறு புத்தகம் வெளியிட்டார். விலை 50 சென்ட். எழுதியவர் பெயர் அதில் கிடையாது. வார்ட் முகவர் மட்டுமே என்று போட்டிருந்தது. அதன்படி, தாமஸ் ஜே. பீல் என்பவரும் கூட்டாளிகளுமாக முப்பது பேர் 1817-ல் மேற்கே வேட்டைக்குப் போனார்கள். சான்டா ஃபேக்கு வடக்கே 250, 300 மைல் தூரத்தில் அவர்களுக்குத் தங்கமும் வெள்ளியும் கிடைத்தன. தோண்டி எடுத்ததை வர்ஜீனியாவுக்குக் கொண்டுவந்து பெட்ஃபோர்ட் கவுன்டியில் புதைத்தார்கள். பீல் 1820-லும் 1822-லும் லிஞ்ச்பர்க்கில் இருந்த வாஷிங்டன் ஹோட்டலில் தங்கினார். இரண்டாம் முறை கிளம்பும்போது விடுதிக்காரர் ராபர்ட் மோரிஸிடம் பூட்டிய இரும்புப் பெட்டி ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். பிறகு செயின்ட் லூயிஸிலிருந்து கடிதம் வந்தது. நாங்கள் பத்து ஆண்டுகள் திரும்பாவிட்டால் பெட்டியைத் திறங்கள். உள்ளே இருக்கும் தாள்களைப் படிப்பதற்கான சாவி 1832 ஜூனில் ஒரு நண்பர் மூலம் வந்து சேரும் என்று.

பீலும் வரவில்லை, சாவியும் வரவில்லை. மோரிஸ் 1845-ல்தான் பெட்டியைத் திறந்தார். உள்ளே வெறும் எண்களாக மூன்று தாள்கள். 1862-ல், தாம் இறப்பதற்கு ஓராண்டு முன்னால், பெயர் சொல்லப்படாத ஒரு நண்பரிடம் எல்லாவற்றையும் ஒப்படைத்தார். அந்த நண்பர்தான் புத்தகத்தை எழுதியவராம். முதல் தாள் புதையல் இருக்கும் இடம், இரண்டாம் தாள் அதில் என்னென்ன இருக்கின்றன என்ற விவரம், மூன்றாம் தாள் பங்குதாரர்களின் வாரிசுகளுடைய பெயரும் ஊரும். இவற்றில் இரண்டாம் தாளை மட்டும் அந்த நண்பர் கையாலேயே உடைத்துவிட்டார். கணினி தேவைப்படவில்லை.

உடைத்த விதத்தைப் புரிந்துகொண்டால்தான் மற்றதெல்லாம் புரியும். ஒரு நூலை எடுத்துக்கொண்டு அதன் சொற்களை 1, 2, 3 என்று எண்ணிக்கொண்டே போக வேண்டும். ஒவ்வோர் எண்ணும் அந்தச் சொல்லின் முதல் எழுத்தைக் குறிக்கும். இரண்டாம் தாளுக்கு உரிய நூல் அமெரிக்க சுதந்திரப் பிரகடனம். தாள் 115, 73, 24, 807, 37 என்று தொடங்குகிறது. பிரகடனத்தில் 115ஆம் சொல் 'இன்ஸ்டிட்யூட்டட்', ஆகவே ஐ. 73 'ஹோல்ட்', எச். 24 'அனதர்', ஏ. சங்கேதம் எழுதியவரின் எண்ணிக்கைப்படி 807 'வேல்யுவபிள்', வி. 37 'ஈக்வல்', ஈ. சேர்த்துப் படித்தால் 'ஐ ஹேவ்'. இப்படியே போனால், பியூஃபோர்ட் என்ற இடத்திலிருந்து சுமார் நான்கு மைல் தூரத்தில், ஆறடி ஆழத்தில், கல் பாவிய நிலவறையில், இரும்புப் பானைகளில் புதைத்திருக்கிறேன் என்று செய்தி வருகிறது. 1819 நவம்பரில் 1,014 பவுண்டு தங்கமும் 3,812 பவுண்டு வெள்ளியும். 1821 டிசம்பரில் 1,907 பவுண்டு தங்கமும் 1,288 பவுண்டு வெள்ளியும். போதாததற்கு 13,000 டாலர் மதிப்புள்ள நகைகள். தங்கம் மட்டும் கூட்டினால் ஏறத்தாழ 1,325 கிலோ. வாய் பிளக்கத்தான் வேண்டும்.

கடைசி வரியில், இடத்தை முதல் தாள் துல்லியமாகச் சொல்கிறது, கண்டுபிடிப்பதில் சிரமமே இருக்காது என்று வேறு எழுதியிருக்கிறது. அந்த ஒரு வரி எத்தனை பேரைக் கடப்பாரையோடு பெட்ஃபோர்டுக்கு அனுப்பியிருக்கிறது! ரோனோக் நகரத்து ஹார்ட் சகோதரர்கள் 1890களின் கடைசியில் ஆரம்பித்தார்கள். கிளேட்டன் 1912-ல் போதும் என்று விட்டுவிட, ஜார்ஜ் 1952 வரை விடவில்லை. 1983-ல் ஒரு பெண்மணி தேவாலயக் கல்லறைத் தோட்டத்தைத் தோண்டிக் கைதானார்.

சரி, கணினிக்கு வருவோம்.

இந்தச் சங்கேதத்தில் ஒரே எழுத்துக்குப் பல எண்கள் இருக்கலாம். 'டி' என்ற எழுத்துக்கு, அதில் தொடங்கும் எந்தச் சொல்லின் எண்ணையும் போடலாம். அதனால் எந்த எண் அதிகம் வருகிறது என்று பார்த்து, அதுதான் 'ஈ' என்று ஊகிக்கும் பழைய உத்தி இங்கே எடுபடாது. இதே வகையில் கணினி வென்ற ஒரு வழக்கைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சோடியாக் என்று தன்னை அழைத்துக்கொண்ட கொலைகாரன் 1969-ல் சான் ஃபிரான்சிஸ்கோ பத்திரிகைக்கு அனுப்பிய 340 குறிகள் கொண்ட கடிதம் 2020 டிசம்பரில் உடைந்தது. அமெரிக்கர் டேவிட் ஓரன்சாக், ஆஸ்திரேலியக் கணிதவியலாளர் சாம் பிளேக், பெல்ஜியத்தின் யார்ல் வான் ஐக்கா மூவரும் சேர்ந்து, குறிகளை எந்த வரிசையில் படிப்பது என்பதற்கு லட்சக்கணக்கான வழிகளை உருவாக்கி, ஒவ்வொன்றையும் நிரலுக்குள் போட்டுப் பார்த்து அதைச் சாதித்தார்கள். அங்கே 340 இடங்களில் வெவ்வேறு குறிகள் 63தான். ஒரு குறி சராசரியாக ஐந்து முறைக்கு மேல் வருகிறது. ஒரு குறிக்கு 'எஸ்' என்று வைத்தால் ஐந்து இடங்களில் அது பொருந்த வேண்டும். தவறு உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

பீலின் முதல் தாளில் 520 எண்கள். அவற்றில் வெவ்வேறு எண்கள் ஏறத்தாழ 300. சராசரியாக ஓர் எண் இரண்டு முறைகூட வரவில்லை. ஏராளமானவை ஒரே ஒரு முறைதான் வருகின்றன. ஒருமுறை மட்டும் வரும் எண்ணுக்கு நீங்கள் எந்த எழுத்தை வைத்தாலும் வேறெங்கும் இடிக்காது. அதனால் சாவி நூல் இல்லாமல், எண்களை மட்டும் வைத்துக்கொண்டு நிரல் எழுதினால், அது ஆங்கிலம் மாதிரித் தோன்றும் ஏதோ ஒன்றைத் துப்பும். மறுபடி ஓட்டினால் வேறொன்றைத் துப்பும். எது சரி என்று சொல்ல எண்களுக்குள் போதுமான பிடிமானம் இல்லை. கணினியின் வேகத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. குவாண்டம் கணினி வந்தாலும் இந்த நிலை மாறாது.

மிச்சமிருப்பது ஒரு வழி: சாவி நூலைத் தேடுவது. இது கணினிக்கு அல்வா சாப்பிடுவது போல என்று நினைக்கத் தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பழைய நூல்கள் எழுபதாயிரம் என்று வைத்துக்கொள்வோம். நூலுக்கு எண்பதாயிரம் சொற்கள். எந்தச் சொல்லிலிருந்து எண்ணத் தொடங்கினார்கள் என்பது தெரியாததால் ஒவ்வொரு சொல்லிலும் தொடங்கிப் பார்க்க வேண்டும். 560 கோடி முயற்சிகள். ஒவ்வொன்றிலும் 520 எண்களை மாற்றிப் பார்த்தால் ஏறத்தாழ 2.9 லட்சம் கோடி செயல்கள். சி மொழியில் ஒழுங்காக எழுதினால் சாதாரண மடிக்கணினிக்கே ஓர் இரவு வேலை. அதையும் குறைக்கலாம். முதல் அறுபது எழுத்துகள் குப்பையாக வந்தால் அங்கேயே விட்டுவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டியதுதான்.

குப்பையா இல்லையா என்று நிரல் எப்படித் தெரிந்துகொள்ளும்? இதில் ஒரு அழகான விஷயம் இருக்கிறது. ஆங்கில உரையில் நூற்றுக்குப் பன்னிரண்டு எழுத்துகள் 'ஈ'. ஆனால் 'ஈ'யில் தொடங்கும் சொற்கள் நூற்றுக்கு இரண்டு, மூன்றுதான். தவறான நூலை வைத்து மாற்றினால், வருவதெல்லாம் கண்மூடித்தனமாக எடுத்த சொற்களின் முதல் எழுத்துகள். அதில் 'டி' (T), 'ஏ', 'ஓ' எல்லாம் குவிந்து கிடக்கும், 'ஈ' அபூர்வமாக இருக்கும். சரியான நூல் என்றால் 'ஈ' திடீரென்று தலைதூக்கும். 'ஈ' எத்தனை சதவீதம் என்று எண்ணுவதே முதல் சல்லடை. அதைத் தாண்டியவற்றுக்கு, நான்கு நான்கு எழுத்துத் தொடர்கள் ஆங்கிலத்தில் எவ்வளவு இயல்பாக வருகின்றன என்று மதிப்பெண் போட்டால் போதும்.

பைபிள், மேக்னா கார்ட்டா, அமெரிக்க அரசியல் சட்டம், ஷேக்ஸ்பியர் நாடகங்கள் என்று இதுவரை ஆட்கள் போட்டுப் பார்க்காதது இல்லை. எதுவும் பொருந்தவில்லை.

இங்கே தேர்ந்தவர்கள்கூட வழுக்கும் இடம் ஒன்று உண்டு. இரண்டாம் தாளையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் சாவி நமக்குத் தெரியும். ஆனால் பிரகடனத்தின் சுத்தமான பிரதியை வைத்து அதை மாற்றினால் பாதி வழியில் தடம் புரண்டுவிடும். ஏனென்றால் எண்ணியவர் தப்பாக எண்ணியிருக்கிறார். 154ஆம் சொல்லுக்குப் பக்கத்தில் ஒரு சொல் கூடுதல். 240-ஐ ஒட்டி ஒன்று குறைவு. 466-க்கும் 495-க்கும் இடையில் முழுதாகப் பத்துச் சொற்கள் கணக்கில் வரவில்லை. அப்புறமும் இரண்டு இடங்களில் சறுக்கல். 'எக்ஸ்' எழுத்தில் தொடங்கும் சொல்லே பிரகடனத்தில் இல்லை என்பதால் 1005ஆம் எண்ணை 'எக்ஸ்' என்று வைத்துக்கொண்டிருக்கிறார். அவர் கணக்கில் 811ஆம் சொல் 'ஃபண்டமென்டலி'. அதை 'எஃப்' என்று எடுக்காமல் கடைசி எழுத்தான 'வை' என்று எடுத்திருக்கிறார்.

மூலத் தாள்களும் நம்மிடம் இல்லை, அச்சான புத்தகம் மட்டும்தான் இருக்கிறது. ஆகவே அச்சுக் கோர்த்தவரின் பிழைகளும் சேர்ந்திருக்கும். நீங்கள் எழுதும் எந்த நிரலும் முதலில் இரண்டாம் தாளை, சுத்தமான பிரகடனத்தை மட்டும் வைத்து, தானாக உடைத்துக் காட்ட வேண்டும். எண்ணிக்கை இடையில் நழுவும், நழுவிய பின் அப்படியே தொடரும் என்பதற்கு இடம் விட்டு எழுதினால்தான் அது முடியும். அந்தச் சோதனையில் தேறாத நிரல் முதல் தாளில் ஒன்றும் இல்லை என்று சொன்னால், அதற்கு மதிப்பே கிடையாது. சரியான நூல் கைக்குள் வந்தும் அது தவறவிட்டிருக்கலாம்.

இதுவரை சொன்னது உடைக்கும் முயற்சி. கணினி உருப்படியாக எதையாவது கண்டது வேறொரு பக்கத்தில். எண்களுக்குள் என்ன எழுதியிருக்கிறது என்பதை விட்டுவிட்டு, இந்த எண்கள் எப்படிப் பிறந்தன என்று கேட்டபோதுதான்.

இதை முதலில் பெரிய அளவில் செய்தவர் கார்ல் ஹேமர். ஸ்பெர்ரி யூனிவாக் நிறுவனத்தில் கணினி அறிவியல் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர். 1960களின் இறுதியில் யூனிவாக் 1108 இயந்திரத்தில் மூன்று தாள்களின் எண்களையும் போட்டு அலசினார். 1971-ல் கட்டுரையாகவும் வெளியிட்டார். முதல் தாளும் மூன்றாம் தாளும் மனம்போன போக்கில் கிறுக்கிய எண்கள் இல்லை, இரண்டாம் தாளைப் போன்ற ஒரு செய்முறையிலிருந்தே வந்தவை என்பது அவர் முடிவு. புதையல் தேடுபவர்கள் கொண்டாடினார்கள். எண்கள் தற்செயல் இல்லையென்றால் செய்தி இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

இல்லை. எண்கள் தற்செயல் இல்லை என்பதற்கும் செய்தி இருக்கிறது என்பதற்கும் நடுவே பெரிய பள்ளம் இருக்கிறது. ஒருவர் பிரகடனத்தை எதிரில் வைத்துக்கொண்டு, செய்தி எதுவும் இல்லாமல், சொற்களைத் தொட்டுத் தொட்டு எண்களை எழுதினாலும் அது ஒரு செய்முறைதான். புள்ளியியல் அதையும் 'தற்செயல் இல்லை' என்றுதான் சொல்லும்.

அந்தப் பள்ளத்துக்குள் டார்ச் அடித்தவர் ஜிம் கில்லக்லி. பின்னாளில், 1999-ல், சிஐஏ தலைமையகத்தில் இருக்கும், சங்கேத எழுத்துகள் செதுக்கிய கிரிப்டோஸ் சிற்பத்தின் முதல் மூன்று பகுதிகளைக் கணினியால் உடைத்து உலகுக்கு அறிவித்தவர் இவர்தான். 1980-ல் 'கிரிப்டாலஜியா' ஆய்விதழில் ஒரு மாற்றுக் கருத்தை வெளியிட்டார். அவர் செய்தது மிக எளிமையான வேலை: இரண்டாம் தாளின் சாவியான அதே பிரகடனத்தை முதல் தாளுக்குப் போட்டுப் பார்த்தார். வந்தது குப்பைதான். ஆனால் குப்பையின் நடுவில் இப்படி ஒரு வரிசை கிடந்தது: ஏ, பி, எஃப், டி, ஈ, எஃப், ஜி, எச், ஐ, ஐ, ஜே, கே, எல், எம், எம், என், ஓ, எச், பி, பி (A B F D E F G H I I J K L M M N O H P P).

அகர வரிசையை அப்படியே வரிசையாக எழுதிவைத்ததுபோல! மூன்றாவதாக 'சி' வர வேண்டிய இடத்தில் 'எஃப்' வந்திருக்கிறது. அங்கே உள்ள எண் 195. பிரகடனத்தில் 195ஆம் சொல் 'ஃபார்'. அதற்கு முந்தைய 194ஆம் சொல் 'சேஞ்ச்டு', 'சி'யில் தொடங்குவது. ஓர் எண் தள்ளிப் பார்த்துவிட்டார், அவ்வளவுதான். இப்படி ஒரு தொடர் தானாக அமைவதற்கான வாய்ப்பு பூஜ்யத்துக்குப் பக்கம். ஆகவே முதல் தாளின் எண்களை எழுதியவர் பிரகடனத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் எழுதினார் என்பது உறுதி. அதே பிரகடனத்தால் படித்தால் செய்தி வரவில்லை என்பதும் உறுதி.

இதற்கு கில்லக்லியின் விளக்கம்: செய்தியே கிடையாது. எண்களை நிரப்ப உட்கார்ந்தவர் பிரகடனத்திலிருந்து சொற்களைப் பொறுக்கிப் பொறுக்கிச் சலித்துப்போய், கொஞ்ச நேரம் 'ஏ'யில் ஒன்று, 'பி'யில் ஒன்று என்று வரிசையாகப் பொறுக்கியிருக்கிறார். புதையலை நம்புபவர்கள் வேறு விளக்கம் சொல்கிறார்கள்: இது இரட்டைச் சங்கேதம், பிரகடனத்தால் வந்த எழுத்துகளை இன்னொரு சாவியால் மறுபடி மாற்ற வேண்டும், அகர வரிசை அதன் தடயம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் விடுதிக்காரர் ஒருவர் படிக்க வேண்டும் என்று எழுதிய தாளுக்கு இரண்டடுக்குச் சங்கேதம், அதிலும் உள்ளடக்கம் சொல்லும் தாளுக்கு மட்டும் ஓரடுக்கு என்பது எனக்கு ஏற்கும்படி இல்லை.

இன்னொரு சோதனை அண்மைக் காலத்தில் நடந்தது. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். உண்மையான நூல் சங்கேதத்தில் எண்ணின் கடைசி இலக்கத்துக்கு எந்த முக்கியத்துவமும் இல்லை. ஒரு சொல் 113ஆவதாக இருப்பதும் 117ஆவதாக இருப்பதும் எழுதியவர் கையில் இல்லை. ஆகவே கடைசி இலக்கங்கள் ஏறக்குறையச் சமமாகப் பரவியிருக்க வேண்டும். பத்து இலக்கங்களால் எழுதும் நம் வழக்கமான பத்தடிமான எண்முறையில் மட்டுமில்லை, ஏழே இலக்கங்களால் எழுதும் ஏழடிமானம், பதினொன்றால் எழுதும் பதினோரடிமானம் என்று எதில் எழுதிப் பார்த்தாலும் அப்படித்தான் இருக்க வேண்டும். மனிதர் ஒருவர் எண்களை மனத்திலிருந்து உருவாக்கினால் நிலைமை வேறு. நமக்குத் தெரியாமலே சில இலக்கங்களை அதிகம் எழுதுவோம், சிலவற்றைத் தவிர்ப்போம். ஆனால் நாம் பத்தடிமானத்தில் யோசிப்பதால், அந்தக் கோணல் பத்திலும் அதோடு பொதுக் காரணி உள்ள அடிமானங்களிலும்தான் தெரியும். ஏழிலோ பதினொன்றிலோ தெரியாது. முதல் தாளிலும் மூன்றாம் தாளிலும் இந்த மாதிரிக் கோணல்தான் தெரிந்தது.

ஒரு வாதத்துக்காக, சொற்களைப் பத்துப் பத்தாகக் குறித்துவைத்து, குறிக்குப் பக்கத்தில் உள்ள சொற்களையே சோம்பலில் எடுத்தாலும் இப்படி ஆகலாம் என்று சொல்லலாம். ஆனால் அதே ஆள் எழுதியதாகச் சொல்லப்படும் இரண்டாம் தாளில் அந்தச் சோம்பல் தெரிய வேண்டுமே.

மூன்றாம் தாளை மறுக்க கணினியே வேண்டாம், வகுத்தல் போதும். அதில் மொத்தம் 618 எண்கள், அதாவது 618 எழுத்துகள். முப்பது பேர். ஆளுக்கு இருபது எழுத்துதான் வருகிறது. அதற்குள் பெயர், வாரிசு, ஊர், எல்லாம் அடங்க வேண்டும். ஒருவருடைய முழுப் பெயருக்கே பன்னிரண்டு பதிமூன்று எழுத்து போய்விடும்.

கணினிக்கு வெளியே உள்ள சந்தேகங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மோரிஸ் வாஷிங்டன் ஹோட்டலை நடத்தத் தொடங்கியதே 1823-க்குப் பிறகு என்று அந்தக் காலப் பதிவுகள் காட்டுகின்றன. பீல் அவரிடம் 1820-ல் தங்கியது எப்படி? ஜோ நிக்கெல் என்ற ஆய்வாளர் 1982-ல் பீலின் கடிதங்களையும் 1885 புத்தகத்தின் முன்னுரைப் பகுதியையும் நடை ஒப்பீடு செய்து, இரண்டையும் எழுதிய கை ஒன்றே என்ற முடிவுக்கு வந்தார். அதற்கும் மேலே, எண்ணும்போது ஏற்பட்ட சறுக்கல்கள் இருக்கின்றனவே, அவற்றுக்கு ஏற்றபடி திருத்தப்பட்ட பிரகடனத்தைத்தான் புத்தகம் அச்சிட்டிருக்கிறது. பீல் என்ற ஒருவர் 1822-க்கு முன்னால் தனியாக உட்கார்ந்து செய்த எண்ணும் பிழைகளோடு, நாற்பது வருடம் கழித்து வேறொருவர் இவ்வளவு சுலபமாக ஒத்துப்போனாரா? இருவரும் ஒருவரே என்றால் இந்தக் கேள்வியே எழாது.

இப்போது ஏஐ. சாட்ஜிபிடி போன்ற ஒரு பெரிய மொழி மாதிரியிடம் (லாங்குவேஜ் மாடல்) முதல் தாளைக் கொடுத்தால் மலை, ஓடை, பாறை, வடகிழக்கே இத்தனை அடி என்று கணீரென்று ஒரு தீர்வு தரும். மனிதர்கள் இதை இன்னும் முன்னாலேயே தொடங்கிவிட்டார்கள். 'நான் உடைத்துவிட்டேன்' என்ற அறிவிப்பு அவ்வப்போது வந்துகொண்டேதான் இருக்கிறது. எந்தத் தீர்வையும் இரண்டு கேள்விகளால் சோதித்துவிடலாம். சாவி நூல் எது, எந்தப் பதிப்பு, எந்தச் சொல்லிலிருந்து எண்ணுவது? அதைக் கொடுத்தால் நாமே மாற்றிப் பார்த்து அதே உரையைப் பெற முடியுமா? 'இந்த இடத்தில் இரண்டாம் எழுத்து, அந்த இடத்தில் கடைசி எழுத்து, இங்கே அச்சுப்பிழை' என்று ஐந்தாறு எண்களுக்கு ஒரு சலுகை கேட்டால், நம் ஊர் ரேஷன் கடைப் பட்டியலைக்கூட அந்த 520 எண்களிலிருந்து வரவழைக்கலாம். இரண்டாம் தாளிலும் சலுகைகள் இருக்கின்றனவே என்று கேட்பீர்கள். உண்மை. ஆனால் அங்கே 763 எண்களுக்கு ஐந்து சறுக்கல், ஓரிரண்டு சிறப்பு விதி. விதிகள் கொஞ்சம், விளைச்சல் அதிகம். அந்த விகிதம்தான் தீர்வுக்கும் கற்பனைக்கும் உள்ள வித்தியாசம்.

இது மோசடி என்று நூற்றுக்கு நூறு நிரூபணம் ஆகிவிட்டதா? இல்லை. யாரும் இதுவரை பார்க்காத ஒரு நூலோ, பீல் தம் கைப்படவே எழுதிவைத்த சாவியோ இருக்கலாம் என்ற வாதத்தைக் கணினியால் ஒருபோதும் மூட முடியாது; எல்லா நூல்களையும் சோதித்தாலும் 'இன்னொரு நூல்' என்று ஒன்று பாக்கி இருக்கும். முதல் தாளில் 2906 வரை எண்கள் இருப்பதால், சுமார் 1,320 சொற்களே உள்ள பிரகடனத்தைவிடப் பெரிய நூல்தான் சாவி என்று அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஆனால் பந்தயம் கட்டச் சொன்னால் எந்தப் பக்கம் கட்டுவேன் என்பது இந்நேரம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1885 புத்தகத்தின் ஆசிரியரே, சொந்த வேலைக்குப் போக மிச்சமிருக்கும் நேரத்தை மட்டும் இதில் செலவிடுங்கள், மிச்சமே இல்லையென்றால் இதைத் தொடாதீர்கள் என்று வாசகர்களுக்கு எச்சரிக்கை எழுதியிருக்கிறார். 50 சென்ட் வாங்கிக்கொண்டு சொன்ன புத்திமதி.

உங்கள் ப்ராஜெக்ட் விஷயம். 'முதல் தாளை உடைப்பது' என்று தலைப்பு வைத்தால் செமஸ்டர் முடிவில் காட்ட எதுவும் இருக்காது. தலைப்பைக் கொஞ்சம் திருப்பிவிடுங்கள்: எண்களின் ஒரு பட்டியலைக் கொடுத்தால், அது உண்மையான நூல் சங்கேதமா, யாரோ சும்மா இட்டுக்கட்டியதா என்று சொல்லும் நிரல். தரவுக்குப் பஞ்சமில்லை. ஒரு பக்கம் பல நூல்களை வைத்து, வேண்டுமென்றே எண்ணும் பிழைகளையும் புகுத்தி, ஆயிரக்கணக்கான உண்மைச் சங்கேதங்களை நிரலே உருவாக்கும். இன்னொரு பக்கம் வகுப்பு நண்பர்களிடம் ஆளுக்கு ஒரு பக்கம் பிரகடனத்தைக் கொடுத்து, 'செய்தி எதுவும் வேண்டாம், பார்க்கச் சங்கேதம் மாதிரி 500 எண்கள் எழுதுங்கள்' என்று சொல்லுங்கள். சிலருக்கு நூலே கொடுக்காமல் மனத்திலிருந்து எழுதச் சொல்லுங்கள். இரண்டு வகை இட்டுக்கட்டலும் வேறு வேறு தடம் விடும்.

எந்த அளவீடுகளைப் பார்ப்பது? பல அடிமானங்களில் கடைசி இலக்கம், ஓர் எண் எத்தனை முறை திரும்ப வருகிறது, அடுத்தடுத்த எண்களின் இடைவெளி, புதிய எண்கள் எந்த வேகத்தில் தீர்ந்துபோகின்றன. இந்த நான்கும் தொடங்கப் போதும். பிறகு இரண்டாம் தாளைக் கொடுத்து 'உண்மை' என்று வருகிறதா என்று முதலில் சரிபாருங்கள். வந்தால் மட்டும் மற்ற இரண்டையும் கொடுங்கள். நண்பர்கள் சலித்துப்போய் எப்போது அகர வரிசையில் எழுத ஆரம்பிக்கிறார்கள் என்பதையும் குறித்துவையுங்கள். யாரும் ஆரம்பிக்கவில்லை என்றால் கில்லக்லியின் விளக்கத்துக்கு அது ஒரு நல்ல கேள்வி.